காத்ர் போர்ன் பிமென்டோ சீஸும் அத்தையின் நீல டின்னும்

மொரீஷியஸ் தீவில் காத்ர் போர்ன் என்ற ஊரின் காய்கறிச் சந்தை புதனும் சனியும் கூடும். வியாழன், ஞாயிறுகளில் அதே இடம் துணிச்சந்தை ஆகிவிடும்; அந்த நெரிசலுக்குள் நான் போவதில்லை. போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, முருங்கைக்கீரைக் கட்டோடு வெளியே வந்தேன். (இங்கே அதற்கு 'ப்ரேத் முரூம்' என்று பெயர். முருங்கை என்ற சொல் கப்பலேறி வந்து இப்படி ஆகியிருக்கிறது. எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு மனசு குளிரும்.) பக்கத்துத் தெருவில் ஒரு பேக்கரி வாசலில் ஒரு தம்பி சின்ன மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். மேசைமேல் ஐஸ் பெட்டி. பெட்டிமேல் கையால் எழுதிய அட்டை: பிமென்டோ சீஸ்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். மொரீஷியஸுக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த இரண்டு சொல்லை இந்தத் தீவில் ஒரு கடையிலும் நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக்குள் மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வீட்டுக்கு வீடு செய்கிற ரொட்டித் தடவல் இது. முதிர்ந்த செடார் சீஸைத் துருவி, சுட்டுத் தோலுரித்த இனிப்பு மிளகாயை நறுக்கிப் போட்டு, மயோனைஸ் விட்டுக் கிளறுவார்கள். அவ்வளவுதான். நம் ஊரில் தேங்காய்த் துவையல் எப்படியோ அப்படி. நாலே சாமான், ஆனால் ஒரு வீட்டில் இருக்கும் ருசி அடுத்த வீட்டில் இருக்காது.

இந்தத் தம்பி அமெரிக்கப் பயணிக் கப்பல் ஒன்றின் சமையலறையில் ஏழு வருஷம் வேலை பார்த்தவர். கூட வேலை செய்த ஜார்ஜியாக்காரர் ஒருவர் ஊழியர் சாப்பாட்டுக்கு இதைக் கிளறித் தருவாராம், அவரிடம் கற்றுக்கொண்டேன் என்றார். ஊருக்குத் திரும்பிய பிறகு அவரும் மனைவியும் வீட்டிலேயே செய்து, சனிக்கிழமை மட்டும் கொண்டுவந்து விற்கிறார்கள். கண்ணாடிப் பாட்டில், 220 கிராம், 240 மொரீஷியஸ் ரூபாய். சாதா ஒன்று, காரம் போட்டது ஒன்று. நான் இரண்டும் வாங்கினேன். அதிலிருந்து இன்றுவரை பதினொரு பாட்டில் வாங்கிவிட்டேன். அதனால் ஒருதடவை தின்றுவிட்டு எழுதுவதாக யாரும் நினைக்க வேண்டாம்.

முதலில் சீஸ். துருவலைப் பார்த்தவுடன் எனக்கு நம்பிக்கை வந்தது. பாதியைப் பெரிய கண்ணிலும் பாதியைச் சின்னக் கண்ணிலும் துருவியிருக்கிறார். சின்னத் துருவல் கரைந்து மயோனைஸோடு சேர்ந்து குழம்பாகிவிடும். பெரிய துருவல் பல்லில் படும். மிக்ஸியில் அடித்த பசையாக இருந்தால் அது வேறு பண்டம், அதை நான் கையால் தொடமாட்டேன். கட்டியாக வாங்கிக் கையால்தான் துருவுகிறார். பாக்கெட்டில் துருவியே வருகிற சீஸில் இழைகள் ஒட்டாமல் இருக்க மேலே மாவு தூவியிருப்பார்கள். அதைப் போட்டால் எவ்வளவு கிளறினாலும் மயோனைஸ் தனி, சீஸ் தனிதான்.

அடுத்தது மயோனைஸ். கடையில் விற்கும் பல வகைகளில் சர்க்கரை இருக்கும். சீஸும் இனிப்பு மிளகாயும் இருக்கிற இடத்தில் சர்க்கரையும் சேர்ந்தால் வாயில் திகட்டும். இவர் மனைவி முட்டை மஞ்சள்கருவும் எண்ணெயும் வினிகரும் வைத்து வீட்டிலேயே அடிக்கிறார். புளிப்பு சரியாக ஏறியிருக்கிறது. இதை நான் இவ்வளவு அக்கறையாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது.

என் மூத்த மச்சினர் டயர் கம்பெனி வேலைக்காகத் தென் கரோலினாவில் கிரீன்வில் என்ற ஊரில் குடியேறினார். மிஷெலின் கம்பெனியின் அமெரிக்கத் தலைமையகம் அங்கேதான். பிரெஞ்சு தெரிந்த மொரீஷியஸ்காரருக்கு அது தோதாக அமைந்தது. 2006 ஜூலையில் மாமியாரை (அத்தை என்றுதான் நான் கூப்பிடுவேன்) அழைத்துக்கொண்டு ஐந்து வாரம் போய் அவர்கள் வீட்டில் தங்கினோம். அதே கிரீன்வில்லில்தான் யூஜீனியா டியூக் என்ற பெண்மணி 1917-இல், ஊருக்குப் பக்கத்தில் கேம்ப் செவியர் என்ற ராணுவ முகாமில் இருந்த சிப்பாய்களுக்கு ஒரு சாண்ட்விச் பத்து சென்ட் என்று விற்றார். ரொட்டியைவிட உள்ளே தடவிய மயோனைஸ்தான் பேர்வாங்கியது. பிறகு அதையே தனியாகப் பாட்டிலில் விற்று, 1929-இல் அந்தச் செய்முறையை வேறொரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். டியூக்ஸ் மயோனைஸ் இன்றும் அங்கே எல்லா வீட்டிலும் இருக்கும். அதில் சர்க்கரை கிடையாது. "டியூக்ஸ் இல்லாம பிமென்டோ சீஸா?" என்று என் ஓரகத்தி அக்கா, மொரீஷியஸில் பிறந்து வளர்ந்தவர், ஏதோ தலைமுறை தலைமுறையாக அந்த ஊர்க்காரர்போலக் கேட்பார்.

நாங்கள் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. பக்கத்து வீட்டு அம்மா, எண்பதை நெருங்கியவர், விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்று ஒரு டப்பாவும், ஓரம் வெட்டிய வெள்ளை ரொட்டியும் கொண்டுவந்தார். ஆரஞ்சு நிறத்தில், சிவப்புப் பொட்டுப் பொட்டாக என்னமோ இருந்தது. அத்தை மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, மொரீஷியஸ் பேச்சுமொழியான கிரியோலில் அக்காவிடம், "இதில் பிமாங் இருக்கா?" என்று கேட்டார். பிமாங் என்றால் இங்கே மிளகாய். அந்த அம்மாவுக்குக் கிரியோல் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும் முகம் மலர்ந்து, "பிமென்டோ! ஆமாம், பிமென்டோ!" என்று கைதட்டினார். ஸ்பானிஷ்காரரின் பிமியென்டோ, பிரெஞ்சுக்காரரின் பிமாங், எல்லாம் ஒரே லத்தீன் வேரில் முளைத்தவை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அத்தைக்கு அதெல்லாம் தேவைப்படவே இல்லை. இந்த அம்மாவும் மிளகாயை மிளகாய் என்றுதான் சொல்கிறார், அதுபோதும் அவருக்கு.

ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. மயோனைஸில் முட்டை. அத்தை தொடவில்லை. அந்த அம்மா தப்பாக நினைத்துவிடுவாரோ என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. அக்கா விரதத்தைப் பற்றி விளக்கிச் சொன்னார். "அப்படியானால் நல்லது, நாளைக்குத்தான் இதற்கு ருசி" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போனார். உண்மைதான். ஓர் இரவு குளிர்ந்து ஊறினால்தான் மிளகாயின் சாறு சீஸுக்குள் இறங்கும். சனிக்கிழமை காலை அத்தை ரொட்டியில் தடவிச் சாப்பிட்டுவிட்டு, "பிமாங் என்றார்கள், உறைப்பே இல்லையே" என்று குறைப்பட்டுக்கொண்டே இன்னும் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அத்தை டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போனார். வெறும் டப்பாவாகக் கொடுக்கக் கூடாது என்று கத்தோ பிமாங் சுட்டு நிரப்பிக்கொண்டார். கத்தோ பிமாங் வேறொன்றும் இல்லை, நம் பருப்பு வடைதான். அரைத்த பருப்பு, வெங்காயம், கொத்தமல்லி, பச்சை மிளகாய். இங்கே காலையில் அதைச் சுடச்சுட வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுவார்கள். அந்த அம்மா தன் வீட்டு முன்திண்ணையில் எங்களை உட்காரவைத்தார். அக்கா நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார்.

கிரீன்வில் ஒருகாலத்தில் பஞ்சாலைகளுக்குப் பெயர்போன ஊர். அந்த அம்மா பதினேழு வயதில் மில்லுக்குப் போனவர். அறுந்த நூலை ஒரே கையால் முடிச்சுப் போடுவதை எங்களுக்கு விரலாலேயே காட்டினார். அத்தையும் தன் கையை நீட்டினார். அவர் 1979-இலிருந்து இங்கே ஏற்றுமதித் தொழிற்சாலை ஒன்றில் கம்பளிச் சட்டை செய்தவர். கழுத்துப் பட்டையைக் கண்ணிக்குக் கண்ணி ஊசியில் ஏற்றிக் கோக்கிற வேலை. அதை அவரும் காற்றிலே செய்து காட்டினார். பேச்சே இல்லாமல் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே விரலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அத்தை கேட்டார்: "மத்தியானத்துக்கு என்ன கொண்டுபோவீங்க?"

"இதுதான்" என்று அந்த அம்மா டப்பாவைத் தட்டினார். மெழுகுத்தாளில் சுற்றிய பிமென்டோ சீஸ் ரொட்டி. கொண்டுவராதவர்களுக்கு மில்லுக்குள்ளேயே தள்ளுவண்டி வருமாம், அதில் இதையே விற்பார்களாம். அத்தை என்னைப் பார்த்தார். அவர் பல வருஷம் மத்தியானத்தில் சாப்பிட்டதும் ரொட்டிக்குள் சீஸும் நசுக்கிய மிளகாயும்தான். நீல டின் கிராஃப்ட் சீஸ். மொரீஷியஸ்காரர்களுக்கு அந்த டின்னைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊரிலிருந்து யாராவது வந்தால் அதைத்தான் கேட்பார்கள். அத்தை காலை ஐந்து மணிக்கு எழுந்து, புத்திக்கில், அதாவது பக்கத்துச் சின்னக் கடையில், ரொட்டி வாங்கி, டின்னிலிருந்து ஒரு வில்லை வெட்டி வைத்துக்கொண்டு பஸ் பிடிப்பாராம். "ஒரே சாப்பாடு" என்றார் அத்தை, தமிழில். வீட்டில் கிரியோல்தான் பேசுவார், தமிழ் கோயிலில் பாடும்போது மட்டும் வரும். அன்றைக்குத் தமிழில் ஏன் சொன்னார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அக்கா அதை மொழிபெயர்த்ததும் அந்த அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார், நாங்கள் கிளம்பும்வரை விடவில்லை.

கோல்ஃப் பார்க்கிறவர்களுக்கு இதை வேறுவிதமாகத் தெரிந்திருக்கும். ஜார்ஜியாவில் அகஸ்டா ஊரில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியில் ஒன்றரை டாலருக்கு இந்த சாண்ட்விச் விற்பார்கள். மச்சினர் அதைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார். எனக்குத் திண்ணைதான் நினைவில் நிற்கிறது.

மொரீஷியஸில் எங்கள் ஊரான ரோஸ் ஹில்லுக்குத் திரும்பி வந்த அத்தை, ஒரு வாரத்துக்குள் தன் கையாலேயே செய்தார். நீல டின் சீஸை முள்கரண்டியால் மசித்தார். முட்டை ஆகாத நாட்களிலும் சாப்பிட வேண்டும் என்று மயோனைஸுக்குப் பதில் வெண்ணெய். சிவப்புக் குடமிளகாயை அடுப்புத் தீயில் சுட்டு, மூடிவைத்து, கருகிய தோலை உரித்தார். கும்பகோணத்தில் என் அம்மா கொத்சுக்குக் கத்திரிக்காய் சுடுகிற மணம் அப்படியே வந்தது. ஒரு சின்ன வெங்காயத்தைத் துருவிப் பிழிந்து போட்டார். கடைசியில், "உறைப்பு இல்லாத பிமாங் என்ன பிமாங்" என்று இரண்டு காந்தாரி மிளகாயை நசுக்கிச் சேர்த்தார். அதுதான் எங்கள் வீட்டு பிமென்டோ சீஸ். பாட்டியை ஆயா என்று கூப்பிடும் என் மகள் அதை 'ஆயா சீஸ்' என்பாள். பிறந்தநாள், பரீட்சை நாள், புயலுக்குப் பள்ளிக்கூடம் மூடிய நாள், எல்லாவற்றுக்கும் அது உண்டு. 2016-இல் அத்தை காலமான பிறகு நான் செய்து பார்த்தேன். மூன்று தடவை. அளவு எல்லாம் அதேதான், கூடவே நின்று பார்த்தவள் நான். ஆனாலும் அது வரவில்லை. விட்டுவிட்டேன்.

சரி, பாட்டிலுக்கு வருகிறேன். மிளகாய் விஷயத்தில்தான் எனக்குக் குறை. ஸ்பெயினிலிருந்து டப்பாவில் வரும் மிளகாயைப் போடுகிறார். நீரை நன்றாக வடிப்பதில்லை. மூன்றாம் நாள் மேலே சிவப்பாகத் தண்ணீர் நிற்கிறது. கிளறினால் கலந்துவிடும், ருசி கெடவில்லை, ஆனால் ரொட்டி சொதசொதவென்று ஆகிறது. பிள்ளைக்குக் காலையில் தடவிக் கொடுத்தால் மத்தியானம் நனைந்துபோயிருக்கும். தம்பியிடம் சொன்னேன்: நறுக்கிய மிளகாயை மெல்லிய துணியில் கட்டி அரைமணி தொங்கவிடுங்கள், அல்லது இங்கே கிடைக்கும் சிவப்புக் குடமிளகாயையே சுட்டுப் போடுங்கள் என்று. கேட்டுக்கொண்டார். அடுத்த மாதத்திலிருந்து தண்ணீர் குறைந்திருக்கிறது, முழுதாக நிற்கவில்லை. பாட்டிலில் செய்த தேதி ஒட்டுவதில்லை, அது கட்டாயம் வேண்டும். வீட்டு மயோனைஸ், ஒரு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாத பொருள். புயல் நாளில் மின்சாரம் போனால் குளிர்பெட்டியில் முதலில் இதைக் காலி செய்யுங்கள்.

காரம் போட்டதுதான் என் தேர்வு. காந்தாரி மிளகாய் போடுகிறார், ஆனால் அரைக்காமல் பொடியாக நறுக்கி. ஒரு கடியில் உறைக்கும், அடுத்த கடியில் உறைக்காது. சாதா வகை குழந்தைகளுக்கும், செலரித் தண்டில் வைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கும் சரியாக இருக்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் தடவாதீர்கள். இருபது நிமிஷம் வெளியே இருந்தால்தான் சீஸின் மணம் எழும். அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் எண்ணெய் பிரியும். சூடாகத்தான் வேண்டுமென்றால், ரொட்டியைப் பிளந்து உள்ளே தடவி, அப்போது சுட்டெடுத்த கத்தோ பிமாங் இரண்டை வைத்து அழுத்துங்கள். வடையின் சூட்டில் சீஸ் லேசாக இளகும், பிரியாது. வடை மொறுமொறுவென்று இருக்கும். இதைவிட நல்ல காலைச் சாப்பாட்டை நான் இந்தத் தீவில் சாப்பிட்டதில்லை.

முதல் பாட்டிலை வீட்டில் திறந்த அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. தட்டில் வைத்து என் கணவர் முன்னால் நகர்த்தினேன். சாப்பிட்டார். பேசவில்லை. இரண்டாவது துண்டு முடிந்த பிறகு, "அம்மா வெங்காயம் போடுவாங்க" என்றார். அவ்வளவுதான். சாயங்காலம் கிரீன்வில்லுக்குப் போன் போட்டார். அக்கா கேட்ட முதல் கேள்வி, "பெரிய துருவலா, சின்னத் துருவலா?"

தைப்பூசக் காவடி நெருங்கியபோது ஒன்று யோசித்தேன். பத்து நாள் விரதம், இங்கே அதைக் 'கரேம்' என்பார்கள். மாமிசம் கிடையாது, முட்டை கிடையாது. அப்போதுதான் எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. இந்தப் பண்டம் முதலில் தெற்கத்தியப் பண்டமே இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நியூயார்க் பக்கத்து வெண்ணெய்ப் பதமான க்ரீம் சீஸில் ஸ்பெயினிலிருந்து வந்த டப்பா மிளகாயைக் கலந்து செய்ததுதான் ஆரம்பம். 1910-களில் ஜார்ஜியாவில் கிரிஃபின் என்ற ஊரைச் சுற்றி அந்த மிளகாயைப் பயிரிட ஆரம்பித்தார்கள், சுட்டுத் தோலுரிக்க எந்திரம் வந்தது, விலை இறங்கியது. செடாரும் மயோனைஸும் தெற்கத்தி வீடுகளில் பிறகு சேர்ந்தவை. அப்படியென்றால் மயோனைஸ் இல்லாமலும் அது பிமென்டோ சீஸ்தானே? அத்தை வெண்ணெய் போட்டபோது அவரை அறியாமலே அதன் பழைய ரூபத்துக்குப் போயிருக்கிறார்.

தம்பியிடம் போய் இதைச் சொன்னேன். க்ரீம் சீஸ் பாதி, செடார் பாதி, கொஞ்சம் வெண்ணெய், முட்டை இல்லாமல் செய்து தர முடியுமா என்று கேட்டேன். சீஸுக்குப் பாலைத் திரிக்கப் போடும் ரென்னெட் விலங்கிலிருந்து எடுக்காத சீஸாக இருக்க வேண்டும் என்றும் சொன்னேன். லேபிளைப் படித்துப் பார்த்து அப்படி ஒன்றைத் தேடிப் பிடித்தார். வெங்காயத்தைத் துருவிப் பிழிந்து போடச் சொன்னேன். அந்த வாரம் ஆறு பாட்டில் செய்தார். மூன்று எனக்கு, மற்ற மூன்றும் கோயிலுக்குப் போகிற வீட்டுக்காரர்கள் யாரோ உடனே வாங்கிக்கொண்டார்களாம்.

விரதத்தின் நாலாம் நாள் காலை. என் கணவர் ஒரு துண்டு ரொட்டியில் தடவிக் கடித்துவிட்டு, பாட்டிலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் மகள் குளித்துவிட்டு வந்தவள் நின்றுகொண்டே ஒரு விரலால் எடுத்து நாக்கில் வைத்தாள். "ஆயா சீஸ்" என்றாள். யாரும் அவளுக்கு முன்னாலேயே எதுவும் சொல்லியிருக்கவில்லை.

இப்போது முட்டை இல்லாத வகையையும் மாதம் ஒருமுறை செய்கிறார். முந்தின சனிக்கிழமையே சொல்லிவைக்க வேண்டும், 260 ரூபாய். போகிறவர்கள் எட்டரை மணிக்குள் போய்விடுங்கள், காரம் போட்டது முதலில் தீர்ந்துவிடும். குளிர் தாங்குகிற பை ஒன்று கையோடு கொண்டுபோங்கள். பாட்டிலைக் கழுவித் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் குறைப்பார். நான் வெறும் பாட்டிலாகக் கொடுப்பதில்லை, இரண்டு கத்தோ பிமாங் போட்டுத்தான் கொடுக்கிறேன்.